உறுமியும் பேஸ் பாக்ஸும்

ராஜபாளையத்தில் நைட் கிளப் கிடையாது. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடையாது. ஒன்று நூல் மில்லுக்கும் நாட்டு நாய்க்கும் பேர் போன ஊர். மற்றது ஆண்டாளுக்கும் பால்கோவாவுக்கும். பெர்லின், இபீசா, கோவா என்று மின்னணு நடன இசையின் வரைபடத்தை யார் வரைந்தாலும் இந்த இரண்டு பெயர்களும் அதில் இடம்பெறாது. ஆனால் மாப்பிள்ளை அழைப்பிலும் அம்மன் கோயில் பொங்கலிலும் கல்லூரிக் கலைவிழாவிலும் இன்று இங்கே ஒலிப்பது என்ன? மினி லாரியில் ஆளுயரத்துக்கு அடுக்கிய பேஸ் பாக்ஸ், மேலே சுழலும் விளக்கு, லேப்டாப்பும் கையுமாக ஒரு இளைஞர், சினிமாக் குத்துப் பாட்டின் மேல் ஏற்றிய செயற்கை முரசு. இந்த இசை எப்படி இத்தனை காலம் நீடிக்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் கிளப், போதை, சுற்றுலா, பல ஆயிரம் ரூபாய் டிக்கெட் ஆகியவை. இங்கே அவற்றில் ஒன்றுகூட இல்லை. இசை மட்டும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை ஆராய லண்டனைவிட இந்த இரண்டு ஊர்கள் வசதியானவை.

இந்த இசைக்குப் பலமுறை சாவு மணி அடித்தாயிற்று. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து, வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ ஒழிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. சில ஆண்டுகளுக்குள் அதே சிகாகோவில், டி.ஜே. ஃப்ராங்கி நக்கிள்ஸ் போன்றவர்களின் கையில், டிஸ்கோவின் எலும்புக்கூட்டிலிருந்து ஹவுஸ் இசை எழுந்தது. 1994இல் பிரிட்டன் திறந்தவெளி ரேவ் கூட்டங்களை அடக்கச் சட்டம் போட்டது. திரும்பத் திரும்ப வரும் அடிகளைக் கொண்ட ஒலி என்று அந்தச் சட்டமே இசைக்கு இலக்கணம் வகுத்தது வேடிக்கை. 2016இல் அமெரிக்காவில் இந்த விழாக்களை வாங்கிக் குவித்த எஸ்எஃப்எக்ஸ் நிறுவனம் திவாலானது; குமிழி உடைந்தது என்றார்கள். இந்தியாவில் 2007இல் கோவாவில் தொடங்கிய சன்பர்ன் விழா அதே 2016இல் புனேவுக்கு இடம் மாறியதே தவிர நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் செத்தது ஒரு பெயர், ஒரு கம்பெனி, ஓர் உடை மோஸ்தர். அடி சாகவில்லை.

ஏன் சாகவில்லை? மின்னணு நடன இசை எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, அதனால்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். இசையில் உடம்பு நேரடியாக வாங்கிக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு: தாழ்ந்த குரலில், நடக்கும் வேகத்தில், விடாமல் திரும்பி வரும் அடி. மற்றதையெல்லாம் கழித்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் இந்த இசை மையத்தில் வைத்தது. பிறகு அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள இடத்தைக் காலியாக விட்டது. அந்தக் காலி இடத்தில் எந்த ஊரும் தன் தாளத்தைப் போட்டுக்கொள்ளலாம். முதல் பாதிக்குச் சான்று ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கான சான்று இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துத் தெருக்களிலேயே கிடைக்கிறது.

நடையிலிருந்து தொடங்கலாம். 2005இல் மெக்டூகல், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதர்கள் நாள் முழுக்க இயல்பாக நடமாடும்போது எழும் அசைவைக் கருவி பொருத்தி அளந்தார்கள். ஆண், பெண், குட்டை, நெட்டை வேறுபாடு அதிகம் இல்லாமல், அசைவு நொடிக்கு இரண்டு என்ற அளவைச் சுற்றியே குவிந்தது. நிமிடத்துக்கு 120. அதே கட்டுரையில் 1960க்கும் 1990க்கும் இடைப்பட்ட 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களின் வேகத்தையும் பார்த்தார்கள். அங்கும் உச்சம் 120 அருகில்தான். ஹவுஸ் இசை 120க்கும் 130க்கும் நடுவே ஓடுகிறது. டிரம் அண்ட் பேஸ் போன்றவை 170ஐ ஒட்டிப் போகின்றனவே என்று கேட்கலாம். ஆடுகிறவர்கள் அவற்றுக்குப் பெரும்பாலும் பாதி வேகத்தில்தான் கால் மாற்றுகிறார்கள். இந்தத் தாள உணர்வு பிறந்த பிறகு படித்துக்கொள்வதும் அல்ல. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு முரசுத் தாளம் ஒன்றைக் கேட்கவிட்டு, நடுவில் முதல் அடியை மட்டும் உருவிவிட்டால், அவர்கள் மூளையின் மின்னலைகளில் ‘ஏதோ விட்டுப்போச்சு’ என்கிற சலனம் தெரிகிறது என்று 2009இல் விங்க்லர் குழுவினர் காட்டினார்கள்.

அடி ஏன் தாழ்ந்த ஒலியாக இருக்க வேண்டும்? இதற்கும் விடை கிடைத்திருக்கிறது. உயர்ந்த சுரமும் தாழ்ந்த சுரமும் ஒன்றாக ஒலிக்கும்போது, அவற்றில் ஒன்று இம்மி முந்தினால், முந்தியது தாழ்ந்த சுரம் என்றால்தான் மூளை அதிகம் திடுக்கிடுகிறது; விரலால் தாளம் போடுகிறவர்களும் தாழ்ந்த சுரத்தின் பிசகுக்குத்தான் தங்கள் விரலைத் திருத்திக்கொள்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ட்ரெய்னரும் அவர் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட முடிவு இது. அதே பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஆர்ஃபிக்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையர் கச்சேரி செய்தபோது இன்னும் துணிச்சலான சோதனை ஒன்று நடந்தது. காதுக்குப் பிடிபடாத அளவு தாழ்ந்த, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். தலையில் கட்டிய பட்டைகள் ரசிகர்களின் அசைவை அளந்தன. அந்த ஒலி இருந்த நேரங்களில் அசைவு 11.8 சதவீதம் கூடியது. அது போடப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதோ யாருக்கும் தெரியவில்லை. காது அறியாமலே கால் அறிந்துகொண்டது. 2022இல் வெளியான இந்த ஆய்வு, ரசனை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு ரசனைக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிக நேரடியான சான்று.

இப்போது பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழிக்கு வருவோம். ராஜபாளையத்திலும் மாரியம்மனுக்குப் பூக்குழி உண்டு; சுற்றுக் கிராமங்களில் முளைப்பாரி, அக்கினிச்சட்டி, கரகம், கும்மி என்று வரிசை நீளும். இவற்றுக்கு அடிப்பது பெரும்பாலும் நையாண்டி மேளம்: நாகஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம், செட்டைப் பொறுத்து உறுமி. இந்த வாத்தியங்களை ஒலியியல் கண்ணோடு பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் பொரிந்து தள்ளுவது உயர்ந்த, வேகமான சொற்கள். இடந்தலையில் தடித்த குச்சி போடுவது அதற்கு அடித்தளம். உறுமியில் இது இன்னும் கூர்மை. ஒரு முகத்தை நேர்க்குச்சியால் தட்டுகிறார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். அழுத்தம் மாற மாற ஒலி கீழிருந்து மேலே வழுக்கி ஏறும், மறுபடி இறங்கும். இடுப்புக்குக் கீழே உணர்கிற முனகல் அது. மின்னணு இசையமைப்பாளர் சிந்தசைசரின் குமிழைத் திருகி வரவழைக்கும் வழுக்கும் பேஸ் இதன் உறவுக்காரன். 2007இல் எம்.ஐ.ஏ. என்கிற பாடகி மாயா அருள்பிரகாசம், தன் தாயின் பெயரில் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்தில், லண்டன் கிளப் இசைக்குள் உறுமியைக் கொண்டுவந்தபோது அது ஒட்டவைத்ததுபோல் இல்லாமல் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் ஒலித்ததற்குக் காரணம் இதுதான். மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசத்துக்குத் தமிழ் இளைஞர்கள் உறுமி மேளக் குழுக்கள் கட்டிப் போவதும் அந்த முனகலை நம்பித்தான்.

அப்படியானால் இந்த ஊர்களில் இயந்திர அடி ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? எழுபது, எண்பதுகளின் திருவிழாவிலும் ஒலிபெருக்கி இருந்ததே? இருந்தது, ஆனால் அது கூம்பு. கூம்பு ஸ்பீக்கரின் வாய்ச் சுற்றளவு ஏறக்குறைய ஓர் ஒலியலையின் நீளத்துக்குச் சமமாக இருந்தால்தான் அந்த அலையை அது ஒழுங்காக வெளியே தள்ளும். அரை மீட்டர் குறுக்களவுள்ள வாய்க்குச் சுற்றளவு சுமார் 1.57 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால், கணக்குப்படி 218 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் கூம்பு ஊமை. 50 ஹெர்ட்ஸ் முரசொலியின் அலைநீளமோ ஏறத்தாழ 7 மீட்டர். அதைக் கூம்பில் வரவழைக்க ஆளைவிட உயரமான வாயுள்ள கூம்பு வேண்டும். ஆகவே பனைமர உயரத்தில் கட்டிய கூம்பிலிருந்து வந்த சினிமாப் பாட்டில் குரல் இருந்தது, வயலின் இருந்தது, அடி இல்லை. அடி வேண்டுமென்றால் மேளக்காரர் வேண்டும். மைக் செட்டும் மேளமும் ஒரே விழாவில் பல பத்தாண்டுகள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தியதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பெரிய காகிதக் கூம்பு பொருத்திய மரப்பெட்டியும், அதை உலுக்கும் சக்தியுள்ள ஆம்ப்ளிஃபயரும், அதைத் தாங்கும் ஜெனரேட்டரும் சவுண்டு சர்வீஸ்காரர் கடனில் வாங்கும் விலைக்கு இறங்கிய பிறகுதான் தாழ்ந்த ஒலி இயந்திரத்தின் வாயிலிருந்து தெருவுக்கு வந்தது. கூட்டம் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை. முன்பே இருந்த பசிக்குப் புதிய கடை திறந்தது.

இயந்திரம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற தாளக் கருவியைக் கொண்டுவந்தது. அதன் பேஸ் முரசு 50 ஹெர்ட்ஸை ஒட்டிய நீண்ட ரீங்காரம். உண்மையான முரசு எதையும் போல ஒலிக்கவில்லை என்பதே அன்று அதன்மீது வைத்த குற்றச்சாட்டு. ஏறத்தாழ 12 ஆயிரம் பெட்டிகளோடு 1983இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய சாமான் கடைக்கு வந்த அந்தப் பெட்டிகளைக் காசில்லாத அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் வாங்கித்தான் புது இசையே பிறந்தது. பம்பாயில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இலேயே அந்த 808ஐயும் டிபி-303 என்ற பேஸ் கருவியையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து இசைத்தட்டு போட்டார். இன்று கேட்டால் சிகாகோவுக்கு முன்பே ஆசிட் ஹவுஸ் செய்துவிட்டார் போலிருக்கும். அன்று சீந்த ஆளில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. கருவி இருந்தது, அடி இருந்தது. அடியை உடம்புவரை கொண்டுசேர்க்கும் பெட்டியும், கூடி ஆட ஒரு களமும் இல்லை.

தமிழ்நாட்டில் அந்தக் களம் சினிமா. 1989இல் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவிலிருந்து 1992இல் ‘ரோஜா’வும் அடுத்தடுத்து ‘திருடா திருடா’, ‘காதலன்’ படங்களும் வந்தபோது, டெக்னோ என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் அதற்கு ஆடிவிட்டார்கள். பிறகு விஜய் ஆண்டனியின் ‘நாக்க முக்க’ 2008இல், அனிருத்தின் ‘வாத்தி கமிங்’ 2020இல் என்று வரிசை நீள்கிறது. இந்த வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்ததே. கவனிக்க வேண்டியது அதன் உள்ளே ஓடும் கணக்கை.

சிகாகோ ஹவுஸில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள அரை நொடியை இரண்டாக, நான்காக வகுக்கிறார்கள்: தகதிமி. நம் டப்பாங்குத்தில் அதே இடைவெளியை மூன்றாக வகுக்கிறோம்: தகிட தகிட. சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை. நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் ஒன்றில் சிறு துண்டு 125 மில்லிநொடி, மற்றதில் 167. தோளும் இடுப்பும் அசையும் விதமே மாறிவிடும். சிகாகோ ஆளைக் கூட்டிவந்து பறையடிக்கு ஆடச் சொன்னால் அவர் கால் சரியாகவே விழும்; தோள் திணறும். அதாவது அடி பொது, அடியின் உள்பக்கம் ஊருக்கு ஊர் வேறு. தென்னாப்பிரிக்காவின் அமபியானோ வேகத்தை 112 அளவுக்குக் குறைத்து, உருளும் ஒரு பேஸ் முரசைப் போட்டது. பஞ்சாபிகள் டோல் மேளத்தின் துள்ளலைப் போட்டார்கள். தமிழர்கள் திஸ்ரத்தையும் உறுமியையும் போட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் மரப்பீடம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்க, மேலே மூங்கிலும் துணியும் தொம்பையும் ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் புதிதாகக் கட்டப்படுவதுபோல, இந்த இசையிலும் பீடம் ஒன்று, மேற்கட்டு வேறு வேறு. ராக் இசை கிடாரையும் ஒரு பாடும் முறையையும் சேர்த்தே கொண்டுவந்தது. அதை ஏற்றால் அந்தக் குரலையும் ஏற்க வேண்டும். மின்னணு இசைக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று இல்லை. அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. அதன் ஆயுள் அந்தக் குறையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பண்பாட்டுப் பக்கத்திலிருந்து இதற்கு வரும் எதிர்வாதத்தை ஒதுக்க முடியாது. தாளம் உடம்பில் எழுதியிருக்கிறது என்றால் நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபாடு ஏன்? ஜேகோபி தலைமையில் பலர் சேர்ந்து 15 நாடுகளில் 39 குழுக்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் காட்டுகிறது. ஏதோ ஒரு ஒழுங்கற்ற தாளத்தைக் கேட்டு அப்படியே தட்டச் சொன்னால், எல்லா ஊர்க்காரர்களும் தங்களை அறியாமல் அதை ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு போன்ற எளிய முழு எண் விகிதங்களுக்கு இழுக்கிறார்கள். ஆனால் எந்த விகிதத்துக்கு அதிகம் இழுக்கிறார்கள் என்பது அவரவர் ஊர் இசையைப் பொறுத்தது. பொதுவும் உண்டு, தனியும் உண்டு. பொது மட்டும் இருந்திருந்தால் உலகம் முழுக்க ஒரே பாட்டு ஓடியிருக்கும். தனி மட்டும் இருந்திருந்தால் இந்த இசை சிகாகோவைத் தாண்டியிருக்காது.

இன்னொரு எதிர்ப்பு, இதெல்லாம் வியாபாரமும் சத்தமும்தான் என்பது. வியாபாரம் ஒரு பாட்டை மூன்று மாதம் தூக்கி நிறுத்தும். நாற்பது ஆண்டுகள் நிறுத்தாது. எஸ்எஃப்எக்ஸ் திவாலான பிறகும் இசை நிலைத்ததே அதற்குப் போதிய பதில். சத்தம் பற்றிய வாதம் பாதி சரி. 90 டெசிபலைத் தாண்டிய நடன இசை, காதுக்குள் சமநிலையை உணரும் சாக்யூல் என்ற சிறு பையையும் தூண்டக்கூடும் என்று டாட், கோடி இருவரும் 2000இல் எழுதினார்கள். ஊஞ்சலில் கிடைக்கும் சுகத்தின் ஒரு கீற்று அதில் கிடைக்கலாம். ஆனால் வெறும் சத்தமும் வேகமும் போதும் என்றால் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர் அது. பழைய பவர்லூம் ஒன்று நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றைம்பது முறை ஊடையை அடிக்கும். அதாவது ஹவுஸ் இசையின் வேகம், காது அடைக்கும் சத்தத்தோடு, நாள் முழுக்க. அங்கே யாரும் ஆடுவதில்லை. காரணம் தெளிவு: தறிகள் ஒன்றோடொன்று ஒத்து அடிப்பதில்லை, ஒலியில் கீழ்த்தளத்தைவிடக் கடகடப்பே அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து என்ன வரப்போகிறது என்ற ஏக்கத்துக்கு அங்கே இடமில்லை. டெட்ராய்ட்டின் கார்த் தொழிற்சாலை இரைச்சலில்தான் டெக்னோ பிறந்தது என்ற பிரபலமான கதையை நான் அவ்வளவாக நம்பாததற்கும் இதுவே காரணம். ஆலை இரைச்சல் போதுமென்றால் 1936இல் மில் வந்த ராஜபாளையம் டெட்ராய்ட்டை முந்தியிருக்கும்.

ஏக்கம் என்ற அந்தச் சரக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மின்னணு இசையில் நடுவில் முரசு நின்றுவிடும். ஒலி மெல்ல ஏறும், இறுகும், ஒரு கணம் வெறுமை. பிறகு அடி மொத்தமாக இறங்கும். ஒஸ்லோவில் சூல்பர்க், யென்சினியஸ் இருவரும் ஆடுவோரின் உடலசைவைக் கருவியால் பதிவு செய்து, அடி நிற்கும்போது அசைவு சுருங்கி, அது திரும்பும்போது பொங்குவதைக் காட்டினார்கள். இசை கேட்டுப் புல்லரிக்கும் நேரத்தில் மூளையில் டோபமின் சுரக்கிறது என்றும், உச்சத்துக்கு முந்தைய எதிர்பார்ப்புக் கணத்திலேயே அது தொடங்கிவிடுகிறது என்றும் சாலிம்பூர் குழுவினர் 2011இல் கண்டிருந்தார்கள். நையாண்டி மேளம் இதே காரியத்தை வேறு வழியில் செய்கிறது. அது காலப்பிரமாணத்தை ஏற்றிக்கொண்டே போகும். கரகக்காரியின் காலைப் பார்த்துத் தவில்காரர் அரை மாத்திரை இழுப்பார், விடுவார். மூன்று முறை திருப்பிப் போட்டு முடிக்கும் தீர்மானத்தில் மூன்றாவது முறையைக் கூட்டம் முன்பே அறிந்து காத்திருக்கும். இயந்திரம் வேகத்தை மாற்றாமல் நாதத்தை மாற்றி இறுக்குகிறது. மேளக்காரர் வேகத்தால் இறுக்குகிறார். கணினிக்கு எதிரே ஆடுகிறவரின் கால் தெரியாது என்பது இன்றுவரை மேளத்தின் கையிருப்பு.

மேளம் வலுக்கும்போது சிலருக்குச் சாமி வருகிறது. அதைக் காட்டி, இசை மூளையை நேரடியாக ஆட்டிவைக்கிறது பாருங்கள் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். சொல்லக் கூடாது. பிரெஞ்சு இசையறிஞர் கில்பர்ட் ரூஜே 1980இல் இசையும் ஆவேசமும் பற்றி எழுதிய பெரிய நூலில், உலகெங்கும் உள்ள உதாரணங்களை அடுக்கி, எந்த முரசுக்கும் தானாக ஆவேசத்தைக் கிளப்பும் சக்தி இல்லை என்று நிறுவினார். அதே பம்பை அடியில் ஒருவருக்கு அருள் வரும். பக்கத்தில் நிற்பவர் சுண்டல் தின்றுகொண்டிருப்பார். அடித்துக்கொண்டிருக்கும் பம்பைக்காரருக்கோ ஒன்றும் ஆகாது. இடம், நாள், விரதம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் அது. உடம்பு அசையத் தயாராகிறது என்பதுவரைதான் அறிவியல் பேச முடியும். அந்த அசைவு பக்தியா, கொண்டாட்டமா, வெறும் பொழுதுபோக்கா என்பதை ஊர் தீர்மானிக்கிறது. என் வாதத்துக்கு இது பாதகமில்லை. ஒரே அடி கோயில் தெருவிலும் கல்யாண மண்டபத்திலும் கோவாக் கடற்கரையிலும் பிழைத்திருப்பதற்கு, அது எதையும் தானாகச் சொல்லாததே காரணம்.

மேளக்காரர்களின் பிழைப்பு பற்றிய ஆட்சேபம் வேறு வகை. இந்த இசை நீடிப்பதற்கான காரணத்தை அது மறுக்கவில்லை; நீடிப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. ஒரு மேளச் செட்டில் ஐந்தாறு குடும்பங்களின் சோறு இருக்கிறது. பேஸ் பாக்ஸோடு வருவது இரண்டு பேர். அந்தப் பெட்டியிலிருந்து வெளிவரும் உறுமி ஒலியும் எங்கோ யாரோ ஒருவர் ஸ்டுடியோவில் ஒரு பகல் வாசித்துக் கொடுத்ததுதான். அது ஆயிரம் பாட்டில் திரும்பி வந்தாலும் அவருக்குக் கூலி அந்த ஒரு நாளுக்கே. தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றிப் பறை அடிக்கும் கலைஞர்களைச் சாதியின் பேரால் தெருவோடு நிறுத்திய சமூகம், அவர்களின் அடியை மட்டும் மண்டபத்துக்குள் அழைத்துக்கொண்டது என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அடி நிலைக்கும் என்பதால் அடிப்பவரும் நிலைப்பார் என்று ஆகாது. ஒன்று உடலியல், மற்றது கூலி, மரியாதை, பதிப்புரிமை. இரண்டாவதைச் சரிசெய்ய எந்த ஹார்மோனும் உதவாது.

இந்த ஆய்வுகளிலிருந்து விழாக் கமிட்டிகளுக்கு நேரடியாக ஒரு பயன் உண்டு. ஆட்டத்தைக் கூட்டுவது தாழ்ந்த ஒலி; காதைக் கெடுப்பதில் முதலிடம் 2 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கிறீச்சொலிக்கு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் பாதி நேரமே தாங்கும். 100 டெசிபலில் அது 15 நிமிடம். ஆகவே கூம்பையும் மேல்வரிசை ஸ்பீக்கர்களையும் பாதியாகக் குறைத்தால் ஆடுகிறவர்களுக்குப் பெரிதாக எதுவும் குறையாது, வேடிக்கை பார்க்கும் குழந்தைகளின் காதுக்கு ஆபத்து குறையும். பேஸ் பாக்ஸுக்கோ வேறு எச்சரிக்கை வேண்டும்: தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த தெரு நோயாளியின் கட்டில்வரை போகும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை விதிக்கின்றன. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு தளர்வு தந்தாலும் அது நள்ளிரவு வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. அடுத்த பொங்கலுக்கு சவுண்டு சர்வீஸ்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஸ்பீக்கர் கணக்கையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள்.